கடற்கரை வண்டியில் இறுகிப்போன ரேடியோ ஆன்டெனாவைக் கழற்றுவது

தங்கச்சிமடத்தில் மீன் ஏற்றுவதற்காக ஒரு பழைய பிக்கப் வாங்கியிருக்கிறீர்கள். முன் மட்கார்டில் நிற்கும் ரேடியோ ஆன்டெனா கம்பி வளைந்து, நுனியும் உடைந்திருக்கிறது. புதுக் கம்பி கையில் இருக்கிறது, பழையதுதான் கழல மாட்டேன் என்கிறது. மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டீர்கள். ஸ்பேனர் போட்டால் கம்பி ஏறி நிற்கும் அடிக்கட்டையே சேர்ந்து சுற்றுகிறது. பைப் ரெஞ்ச் போட்டு ஒரேயடியாகத் திருகிவிடலாமா, கேஸ் வைத்துச் சூடேற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பியை மட்டும் எடுத்தால் போதும் என்றால் ஹாக்ஸா பிளேடில் ஒரு நிமிடத்தில் அறுத்துவிடலாம். அடிக்கட்டையும் பெயின்டும் உள்ளே ஓடும் கேபிளும் கெடாமல், புதுக் கம்பி அதே இடத்தில் ஏறும்படி பழையதை எப்படி எடுப்பது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் ராமநாதபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். 24 வருடமாக இந்தக் கரை வண்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டி என்று எந்தப் பக்கமிருந்து வண்டி வந்தாலும் பாதி வேலை உப்போடுதான். பெயின்ட் வேலையும் தகரம் தட்டும் வேலையும் என் தொழில் இல்லை. அந்த இடம் வந்தால் டிங்கர் சொல்வதைக் கேளுங்கள். கம்பி, அடிக்கட்டை, கேபிள், ரேடியோ ஆகியவற்றைப் பற்றி நான் பொறுப்போடு சொல்ல முடியும்.

முதலில், திருகுவதை இப்போதே நிறுத்துங்கள். அடிக்கட்டை சேர்ந்து சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்வியிலேயே எனக்குக் கவலை தந்த வரி. மட்கார்டுக்கு மேலே நமக்குத் தெரிவது கம்பியும் ஒரு சின்னக் குமிழும்தான். கம்பியின் அடியில் 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் மரை வெட்டிய முனை இருக்கும். அது அடிக்கட்டையின் நடுவில் உள்ள உலோகத் துளைக்குள் ஏறி நிற்கிறது. அந்த உலோகத்தைச் சுற்றி பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைச் சுற்றி, மட்கார்டு தகரத்தைக் கவ்விப் பிடிக்கிற வெளி வளையமும் நட்டும். நடு உலோகம் கேபிளின் உள்கம்பியோடு சேர்ந்திருக்கும், வெளி வளையம் கேபிளின் பின்னல் கம்பியோடு சேர்ந்திருக்கும். இப்போது கம்பியை இலேசாக, இரண்டு விரலால் மட்டும் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக்கும் வெளி வளையமும் எல்லாமே சேர்ந்து சுற்றினால் மட்கார்டைக் கவ்வும் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது பெரிய கெடுதல் இல்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் கேபிள் முறுக்கிக்கொண்டே போகிறது. பிளாஸ்டிக் அசையாமல் நடுவில் இருக்கிற உலோகம் மட்டும் கம்பியோடு சுற்றினால் உள்பிடிப்பு போய்விட்டது. அந்த அடிக்கட்டையைக் காப்பாற்றப் பாடுபட வேண்டாம். கீழே முழு அடிக்கட்டையை மாற்றுவது பற்றிச் சொல்லியிருக்கிறேன், நேராக அங்கே போய்விடலாம்.

இது ஏன் இப்படி இறுகுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் மண்ணெண்ணெய் ஏன் பலிக்கவில்லை என்பது புரியும். கம்பியின் மரை முனை பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் அல்லது முலாம் பூசிய இரும்பு. அது ஏறும் துளை பித்தளையாகவோ, வார்த்த துத்தநாகக் கலவையாகவோ, அலுமினியமாகவோ இருக்கும். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புத் தண்ணீர் வந்தால் அது ஒரு சின்ன பேட்டரிதான். இரண்டில் எளிதில் கரையும் குணம் உள்ள உலோகம் தூளாகும். துத்தநாகமும் அலுமினியமும் முதலில் கரையும், ஸ்டெயின்லெஸ் அப்படியே நிற்கும். கரைந்து உண்டாகும் தூள், கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்குள் இடம் ஏது? அது ஆப்பு அடித்த மாதிரி இறுக்கிக்கொள்கிறது.

அந்தத் தூளின் நிறத்தைப் பார்த்தே உங்கள் அடிக்கட்டை என்ன உலோகம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கம்பி நுழைகிற வாய்ப்பக்கம் ஒரு ஊசியால் சுரண்டி, வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தால் துத்தநாகம் அல்லது அலுமினியம். பச்சைக் களிம்பாக இருந்தால் பித்தளை அல்லது செம்பு. செங்காவியாக வந்தால் இரும்புத் துரு. நம் பக்கத்து மீன் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது வெள்ளைதான். ‘துருப்பிடித்துவிட்டது’ என்று எல்லாரும் சொன்னாலும், கம்பியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் துரு இல்லை, உப்பு பூத்த வெள்ளைத் தூள்.

கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் ஒருபக்கம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் பாம்பன் பாலத்தில் போகும்போது மேலே தெறிக்கும் சாரல் மறுபக்கம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கரையில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவதே அபூர்வம். அதனால் வண்டியை வெயிலில் நிறுத்தினாலும் மரைக்குள் இருக்கும் உப்பு முழுதாகக் காய்வதில்லை, வேலை நடந்துகொண்டே இருக்கிறது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி, பாலிசிலாக்ஸேன் பெயின்ட் என்று தேடித் தேடிப் போட்டார்கள் என்றால் காரணம் இந்த உப்புக்காற்றுதான். அந்தக் காற்று நம் ஆன்டெனாவை மட்டும் விட்டுவிடாது.

உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். மண்ணெண்ணெய் மூன்று நாள் ஊறியும் பலிக்காததற்குக் காரணம் இதுதான். அது உப்புக்கட்டியின் மேலே படர்ந்து நின்றிருக்கும், உள்ளே இறங்க வழி இருந்திருக்காது. ஆகவே முதல் வேலை நல்ல தண்ணீர். ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். ஒரு பழைய துணியை அடிக்கட்டையைச் சுற்றி வளையமாகக் கட்டி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி மெல்லிய தாரையாக, கம்பி நுழைகிற வாயில் படும்படி ஊற்றுங்கள். இரண்டு மூன்று லிட்டர் செலவானாலும் பரவாயில்லை. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இதைவிட அதிகச் சூட்டில் சுட்டெடுத்தது, வெந்நீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மட்கார்டு பின்னால் உள்ளூரில் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால், முதலில் ஓரமாகக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ராமநாதபுரம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, அதை ஊற்றிப் பயனில்லை. குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

தூள் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அடுத்தது வினிகர். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அதே வேலைதான் இதுவும். இலேசான புளிப்பு, களிம்பைக் கரைக்கும். பஞ்சை வினிகரில் நனைத்து வாயைச் சுற்றி வையுங்கள். அரை மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் அமிலம் களிம்போடு நிற்காது, துத்தநாகத்தையே தின்ன ஆரம்பிக்கும். அரை மணி கழித்துப் பஞ்சை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் சாம்பல் நிறக் கறை இருக்கும், சில சமயம் சின்னச் சின்னக் குமிழி வந்திருக்கும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடா கலந்து ஊற்றி, மறுபடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஒருமுறை வெயிலில் காய விடுங்கள்.

இதற்குப் பிறகுதான் எண்ணெய். டபிள்யூடி-40 நம் ஊரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதன் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற பொருளில், 40-ஆவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் வைத்தது. 1953-இல் அமெரிக்காவில் ராக்கெட் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தார்கள். கழுவிய பின் மிச்சமிருக்கும் ஈரத்தைத் துரத்த அது நல்லது. மரைக்குள் இறங்குவதற்கென்றே விற்கும் ரஸ்ட் பெனட்ரன்ட் கிடைத்தால் அது இன்னும் மேல். எதுவானாலும் ஒரே தடவை குளிப்பாட்டுவதில் பயன் இல்லை. இரண்டு சொட்டு விட்டு, கம்பியின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் இலேசாகத் தட்டுங்கள். இப்படி மணிக்கு ஒரு தடவை, ஒரு நாள் முழுக்க. தட்டும்போது உண்டாகும் அதிர்வில் தூள் விரிசல் விடும், விரிசலில் எண்ணெய் இறங்கும். இந்தத் தட்டலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் எண்ணெயைவிட அதிக வேலை செய்வது தட்டல்தான்.

சரி, இனிப் பிடிப்பு. கம்பியின் அடியில் எதிரெதிராக இரண்டு தட்டையான பக்கம் இருக்கும், அதற்குச் சரியான ஸ்பேனர் போடுங்கள். அளவு பொருந்தாத ஸ்பேனர் அந்த முனைகளை வழித்துவிட்டால் அப்புறம் பிடிக்க ஒன்றும் இருக்காது. அடிக்கட்டையை இன்னொரு கை பிடித்தே ஆக வேண்டும். வெளி வளையத்தில் ஸ்பேனர் போடும்படி முகப்பு இருந்தால் இரண்டாவது ஸ்பேனரை அதில் மாட்டி, அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே வழவழப்பான குமிழ் மட்டும் இருந்தால் பழைய சைக்கிள் டியூபை நீள வாரியாக வெட்டி இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிரிப் பிளேயர் போடுங்கள். உங்கள் வண்டியில் அடிக்கட்டை சுற்றுவதால் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக் மறைப்பை எடுத்துவிட்டு, அடியிலிருந்து ஒருவர் அடிக்கட்டையைப் பிடிக்க, மேலிருந்து இன்னொருவர் திருகுவது. அரை மணி நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் கேபிள் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அப்போதே கண்ணால் பார்த்துவிடலாம்.

திருகுவதற்கு முன் ஒரு மார்க்கர் பேனா எடுத்து, கம்பியின் அடியிலிருந்து நடு உலோகம், பிளாஸ்டிக், வெளி வளையம், மட்கார்டு பெயின்ட் வரை ஒரே நேர்கோடாக இழுங்கள். இது சின்ன வேலை, ஆனால் இதைச் செய்யாமல் நான் இப்போது எந்த ஆன்டெனாவையும் தொடுவதில்லை. முதலில் கழற்றும் பக்கம் திருகாதீர்கள், இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு கொடுங்கள். அப்புறம் மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம், அதே அளவு. பிறகு கோட்டைப் பாருங்கள். கம்பியில் உள்ள கோடு மட்டும் தள்ளிப்போய், கையை எடுத்த பிறகும் அங்கேயே நின்றால் மரை கழல்கிறது. தள்ளிப்போன கோடு கையை எடுத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால் கழலவில்லை, மரை முனை ரப்பர் மாதிரி முறுகி நிமிர்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் முறிந்துவிடும். 5 மி.மீ. மரையில் பள்ளம் போக நடுவில் மிஞ்சும் உலோகம் 4 மி.மீ. சொச்சம்தான், அதை நினைவில் வைத்துக்கொண்டே அழுத்துங்கள். பிளாஸ்டிக்கில் உள்ள கோடும் சேர்ந்து நகர்ந்தால் பிடிப்பு போதவில்லை, நிறுத்திவிட்டுப் பிடியைச் சரிசெய்யுங்கள்.

கழல ஆரம்பித்ததும் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் உற்சாகம் வந்து ஒரே மூச்சில் சுற்றிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கால் சுற்று கழற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மறுபடி கால் சுற்று. மரையிலிருந்து உதிரும் தூள் எண்ணெயோடு சேற்றைப் போல வெளியே வர வேண்டும். அது உள்ளேயே உருண்டால், ஸ்டெயின்லெஸ் மரை பாதி வழியில் கடித்துக்கொண்டு முன்னைவிட மோசமாக நின்றுவிடும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சூடு. கேஸ் டார்ச், பிளோ லாம்ப் எதுவும் இந்த இடத்தில் வேண்டாம். அடிக்கட்டையின் பிளாஸ்டிக் உருகும், பெயின்ட் கொப்பளிக்கும், மட்கார்டுக்கு அடியில் வயர்க் கட்டுகளும் வேறு குழாய்களும் போகின்றன. அதுவும் நீங்கள் எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஊற்றிய இடம், தீப்பிடிக்கும். சால்டரிங் அயர்ன் போதும். 60 வாட் அயர்னை நடு உலோகத்தின் விளிம்பில் இரண்டு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, உடனே திருகிப் பாருங்கள். பிளாஸ்டிக் வாசனை வந்தால் அந்த நொடியே எடுத்துவிடுங்கள். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், சாதாரண ஸ்டெயின்லெஸ் 17 பங்கு, இரும்பு 12 பங்கு. 70 டிகிரி ஏறினால் 5 மி.மீ. அலுமினியத் துளை 8 மைக்ரான் அளவுதான் அகலும். ஒரு தலைமுடித் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. ஆனால் உள்ளே இருப்பது தூள், அது விரிசல் விட இது போதும்.

உங்களிடம் மீன் வண்டி இருப்பதால் ஒன்று சொல்கிறேன். அடிக்கட்டையில் வெந்நீர் ஊற்றியபின், நல்ல தண்ணீர் ஐஸை பிளாஸ்டிக் பையில் கட்டி, கம்பியின் அடிப்பாகத்தில் ஐந்து நிமிடம் சுற்றி வைத்து, பிறகு திருகிப் பார்ப்பேன். கீழே விரிவு, மேலே சுருக்கம் என்பதுதான் கணக்கு. சில கம்பிகள் இதில் சட்டென்று விட்டுக்கொடுத்திருக்கின்றன. ஆனால் ஸ்டெயின்லெஸ் சூட்டையும் குளிரையும் மெதுவாகத்தான் கடத்தும் என்பதால், அது ஐஸ் செய்த வேலையா, அதற்கு முன் ஊற்றிய வெந்நீர் செய்த வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கெடுதல் ஒன்றும் இல்லை, செய்து பார்க்கலாம். மீன் பெட்டி ஐஸை நேராக வைக்காதீர்கள், அதில் உப்பு இருக்கிறது.

பட்டறைகளில் சொல்லப்படும் மற்றக் கைவைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன். அசிட்டோனும் கியர் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விடுவது: நன்றாக இறங்குகிறது என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கும் ஓரிரு முறை பலித்திருக்கிறது. ஆனால் அசிட்டோன் ஒரு சொட்டு பெயின்டில் விழுந்தாலும் உரித்துவிடும், தீயும் சட்டென்று பிடிக்கும். மட்கார்டில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. கோலா ஊற்றுவது: அதில் உள்ள அமிலம் துருவை மெதுவாகக் கரைக்கும் என்பது உண்மைதான், சர்க்கரைப் பிசின் மரைக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்மைதான். பிரேக் ஆயில்: பெயின்டை அழித்துவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் ஊற்றினால் போதும் என்று ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். களிம்பு போகும், கூடவே துத்தநாகமும் போகும். மட்கார்டு தகரத்தின் ஓரத்தில் இறங்கினால் பெயின்டுக்கு அடியில் துரு கிளம்பி, ஆறு மாதத்தில் அந்த இடம் ஓட்டையாகி நிற்கும்.

பைப் ரெஞ்ச் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம், தேவிபட்டினத்திலிருந்து வந்த ஒரு வண்டி. நண்டு ஏற்றுகிறவர். “அண்ணே, சாயங்காலம் லோடு இருக்கு, சீக்கிரம் விட்டுருங்க” என்றார். நானும் அவசரத்தில் பெரிய ரெஞ்ச் போட்டுத் திருகினேன். கம்பி கழலவில்லை. அடிக்கட்டை சுற்றி, மட்கார்டு தகரத்தின் துளை விரல் நகம் அளவுக்குக் கிழிந்தது, கேபிள் உள்ளேயே அறுந்தது. ஒரு கம்பி மாற்ற வந்தவருக்கு அடிக்கட்டை, கேபிள், டிங்கர் கூலி, பெயின்ட் என்று நாலு செலவு. கூலியை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, லோடு மட்டும் தவறிப்போனது. அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

மரை முனை உள்ளேயே முறிந்துவிட்டால் என்ன செய்வது? துளைபோட்டு எடுக்கலாம். நடுவில் பஞ்ச் அடித்து, 2.5 அல்லது 3 மி.மீ. துளை போட்டு, முறிந்த திருகைக் கவ்வி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை ஏற்றித் திருகுவது வழக்கம். ஆனால் அந்த எக்ஸ்ட்ராக்டர் கடினமான உருக்கு. இறுகிய மரையில் அது உள்ளேயே உடைந்தால் அப்புறம் எந்த டிரில்லும் அதன்மேல் ஏறாது. முழுதாகத் துளைத்து எடுத்துவிட்டுப் புது மரை போடுவதானால் 5 மி.மீ. மரைக்கு 4.2 மி.மீ. துளை, 6 மி.மீ. மரைக்கு 5 மி.மீ. துளை. அடிக்கட்டையைக் கழற்றி வைஸில் பிடித்துச் செய்தால்தான் நேராக வரும். அதைக் கழற்றுகிற வேலையே பாதி வேலை என்பதால், என் அபிப்பிராயத்தில் அந்த நிலைக்குப் போன அடிக்கட்டையை மாற்றிவிடுவதுதான் சரி. கேபிளோடு சேர்ந்த பொதுவான ஆன்டெனா செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய அடிக்கட்டைக்கு விசேஷமான வடிவம் இருந்தால் மட்டும் அந்த வண்டிக்குரியதைத் தேடுங்கள்.

மாற்றும்போது பழைய கேபிளை வெறுமனே உருவிவிடாதீர்கள். ரேடியோ பக்கத்து முனையைக் கழற்றி, அதில் ஒரு நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டி, மட்கார்டு வழியாக இழுங்கள். வலை பின்னுகிற கயிறு உங்கள் வீட்டிலேயே இருக்கும். பழைய கேபிள் வெளியே வரும், கயிறு அதன் பாதையில் தங்கும். புதுக் கேபிளைக் கயிற்றில் கட்டித் திரும்ப இழுத்தால் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வேலை பெரும்பாலும் இருக்காது. புது அடிக்கட்டையின் வெளி வளையம் மட்கார்டின் அடிப்பக்கத்தில் வெறும் தகரத்தைக் கடிக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுப் பெயின்டைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் எர்த் சரியாக வராமல் ரேடியோ இரையும். இறுக்கிய பிறகு, சுரண்டிய இடத்தின் ஓரம் முழுக்க பிரைமர் தொட்டு, அதன்மேல் கிரீஸ் தடவிவிடுங்கள்.

கம்பி நல்லபடியாகக் கழன்றுவிட்டால் புதுசை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. நீங்கள் வெந்நீரும் வினிகரும் ஊற்றிய இடம் என்பதால் இது அவசியம். ரேடியோவின் பின்னால் குத்தியிருக்கும் ஒற்றை முனை ஆன்டெனா பிளக்கை உருவி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். பிளக்கின் நடு ஊசிக்கும் அடிக்கட்டையின் நடு உலோகத்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். நடு ஊசிக்கும் வண்டி உடம்புக்கும் இடையே எதுவுமே காட்டக் கூடாது. அங்கே சில ஆயிரம் ஓம்ஸ் காட்டினால் அடிக்கட்டைக்குள் ஈரமோ களிம்போ இருக்கிறது. ஒரு நாள் வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் காட்டினால் கேபிளின் பின்னலில் பச்சை ஏறிவிட்டது, கம்பியை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. கூரை மேல் பொருத்திய ஆன்டெனா சிலவற்றில் உள்ளேயே சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உங்களுடையது மட்கார்டில் நிற்கும் சாதாரணக் கம்பி என்பதால் பொருந்தும்.

புதுக் கம்பியின் மரையில் மெல்லிசாக வாசலினோ சிலிக்கான் கிரீஸோ தடவி ஏற்றுங்கள். கிரீஸ் மின்சாரத்தைத் தடுக்காதா என்று பலர் கேட்பார்கள். இறுக்கும்போது மரையின் முகடுகள் கிரீஸை ஒதுக்கிவிட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கிரீஸ் பள்ளங்களில் தங்கி உப்பை உள்ளே விடாமல் காக்கும். பேட்டரி முனையில் நாம் காலம்காலமாக வாசலின் தடவுவதும் இதற்குத்தான். செம்புத் தூள் கலந்த பேஸ்ட் இங்கே வேண்டாம். அலுமினியமோ துத்தநாகமோ உள்ள இடத்தில் செம்பைக் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சின்ன பேட்டரியை நாமே பெரிதாக்குகிறோம். விரலால் இறுக்கி, ஸ்பேனரில் ஒரு சின்னத் தொடுகை மட்டும் கொடுங்கள். கச்சான் தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். வண்டி கழுவும்போது பெட்டியைக் கழுவிவிட்டு நின்றுவிடாமல் மட்கார்டிலும் ஒரு வாளி நல்ல தண்ணீர் விடுங்கள்.

வாங்கி வைத்திருக்கிற கம்பியின் நீளத்தையும் அளந்து பாருங்கள். கடைகளில் இப்போது ஒரு சாண் குட்டைக் கம்பி அழகுக்கு விற்கிறார்கள். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை 90.4 எஃப்.எம். சமுதாய வானொலியைக் கேட்பதற்காகத்தான் ரேடியோவைச் சரிசெய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். நல்ல கம்பி அதில் கால் பங்கு இருக்க வேண்டும், அதாவது 80 செ.மீ. அளவு. சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் பொதுவாக அனுமதிக்கும் சக்தி 100 வாட், கோபுர உயரம் 30 மீட்டர் என்று வரம்பு உண்டு. அதனால் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே சத்தம் மெலியும். தங்கச்சிமடத்தில் குட்டைக் கம்பியிலும் தெளிவாகக் கேட்கும். லோடு ஏற்றிக்கொண்டு மண்டபம் தாண்டி உச்சிப்புளி பக்கம் போகும்போது காற்று, அலை நிலவரத்தை நடுவில் விடாமல் கேட்க வேண்டும் என்றால் நீளக் கம்பிதான் வேண்டும். கையில் இருப்பது குட்டை என்றால் பழையதைக் கழற்றுவதற்கு முன்பே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கம்பியின் மரை அளவை அங்கேயே ஒரு நட்டை வைத்துச் சரிபார்க்க முடியாது என்பதால், 5 மி.மீ., 6 மி.மீ. இரண்டுக்கும் மாற்று முனை சேர்த்துத் தரும் செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.